மாப்பிள்ளைக்குக் கொடுத்த மூச்சு

காற்று ஊதும் கருவியிலிருந்து அவள் குழாயைப் பிடுங்கிய பிறகும் மாப்பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை என்பது ஒரு பொம்மை. பிளாஸ்டிக் தோல், கூழ் அடைத்த நுரையீரல், அதற்குள் புற்றுக்கட்டிக்குப் பதிலாக ஒரு சிறு உருண்டை. கை கால் கிடையாது. முகம் இருக்கவேண்டிய இடம் முட்டை ஓடு போல வழவழவென்றிருக்கும். நாள் முழுக்கப் படுத்தே கிடப்பார், நாலு பேர் தாங்கிப் பிடித்து இறக்கவேண்டும், விரிப்பில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் முறுக்கிக்கொள்வார் என்பதால் ஆராய்ச்சிக் கூடமே சேர்ந்து வைத்த பெயர். அவர் படுத்திருந்த எம்.ஆர்.ஐ. காந்தமோ சாதாரணப்பட்டதல்ல, கதவைத் திறந்து வைத்தால் பக்கத்துத் தெரு இரும்பு பீரோகூட அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்துவிடும் என்று சொல்வார்கள்.

அந்தக் காந்தத்தை நம்பித்தான் ஆராய்ச்சி மாணவியான அவளுடைய முனைவர் பட்டம் இருந்தது. மூச்சு விடும்போது நுரையீரலில் இருக்கும் கட்டி நகரும். நகர்வதை எம்.ஆர்.ஐ. பார்த்துக்கொண்டே இருக்கும். நோயாளி மூச்சை இழுத்துப் பிடித்திருக்கும்போது மட்டும் கட்டியைச் சுட்டெரிக்கும் புரோட்டான் கற்றை பாயும். இம்மி விலகினாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் கற்றை இதயத்தில் விழும். நாளைக் காலையில் அந்த மேசையில் படுக்கப்போகும் முதல் நோயாளி அவளுடைய அண்ணன்.

அதனால்தான் யாரும் செய்யாத ஒன்றைச் செய்திருந்தாள். பொம்மையை இயக்க எல்லாரும் கணினி தரும் சீரான அலையைத்தான் கொடுப்பார்கள். அவள், பயிற்சியின்போது பதிவுசெய்த அண்ணனின் மூச்சையே கொடுத்துவிட்டாள்.

"என் மூச்சையே மாப்பிள்ளைக்குத் தாரை வார்த்துட்டியா?" என்று அண்ணன் அன்றைக்குச் சிரித்தான். "வேலை முடிஞ்சதும் திருப்பி வாங்கிக் குடுத்துடு."

கட்டுப்பாட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது. மேலே நடுப்பகல், தரைக்குக் கீழே பகலும் இல்லை, இரவும் இல்லை. கிருமிநாசினியும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த வாடை தொண்டையில் ஒட்ட, கண்ணாடிக்கு அப்பால் காந்தத்தைக் குளிர்விக்கும் பம்பு வழி தவறிய பறவை போல விடாமல் கீச்சிட, திரையில் மூச்சுக்கோடு மெல்ல ஏறி, தயங்கி, மெல்ல இறங்கியது.

"அக்கா, குழாய் என் கையில இருக்கு. இவரு எப்படி மூச்சு விடுறாரு?"

இயந்திரத்தை இயக்கும் அக்கா, அங்கே எல்லாருக்கும் மேஸ்திரியக்கா, தலை நிமிரவில்லை. "மிச்சக் காத்து இருக்கும்டி. மாப்பிள்ளைன்னா அவ்வளவு சீக்கிரம் அடங்கிடுவாரா?"

தொலைபேசி ஒலித்தது. மூன்று மாடிக்கு மேலே, வார்டிலிருந்து அண்ணன்.

"என்ன டாக்டரம்மா, என்னை வாட்டுற அடுப்பு ரெடியா?"

"நான் இன்னும் டாக்டர் ஆகல. நீ பொழைச்சாதான் எனக்குப் பட்டம்."

"அடிப்பாவி, சுண்டெலி!" அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாயிற்று.

திரையில் கோடு துள்ளியது. மறுபடி துள்ளியது. கண்ணாடிக்கு அப்பால் பிளாஸ்டிக் நெஞ்சு குலுங்கியது.

அவள் தொலைபேசியை வாயோடு நெருக்கினாள்.

"அண்ணா, மூச்சை இழுத்துப் பிடி."

"இப்பவா? நாளைக்குத்தானே..."

"பிடிண்ணா!"

கோடு ஏறி நின்றது. ஆணி அடித்தாற்போல. கற்றை பாயலாம் என்று பச்சை விளக்கு எரிந்தது.

"விடு."

கோடு இறங்கியது.

"அக்கா, இங்க பாருங்களேன்."

நாற்காலி காலி. மேஸ்திரியக்கா காந்த அறைக்குள் போயிருந்தாள். வேலை முடிந்தால் மாப்பிள்ளையின் காற்றைப் பிடுங்கிவிட்டுத்தான் போர்வை போர்த்துவார்கள். இல்லாவிட்டால் உள்ளே பை வெடித்துவிடும். கண்ணாடி வழியே அக்காவின் குனிந்த முதுகு. வால்வின்மேல் கட்டைவிரல்.

"அக்கா, வேணாம்!"

சுவர் தடிமன். ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தத் தோன்றவில்லை.

பிளாஸ்டிக் நெஞ்சு அமுங்கியது.

"சுண்டெலி..." தொலைபேசியில் அண்ணன். "காத்து... காத்து வரல..."

தொலைபேசியை அந்த அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. மேசையில் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் அதைப் போட்டாள். அண்ணனின் குரல் உள்ளே கேட்க ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினாள். ஓடினாள். அக்காவை ஒரே தள்ளாகத் தள்ளி வால்வை மூடினாள். அவசரத்துக்கு வைத்திருந்த ரப்பர் குமிழைச் செருகிக் கையால் அமுக்கினாள்.

மூச்சு வந்தது. கரகரவென்று. அண்ணனுடையதேதான்.

அமுக்கினாள். உள்ளே இழுத்தது. விட்டாள். வெளியே வந்தது.

"என்னடி ஆச்சு உனக்கு? பேய் அறைஞ்சமாதிரி!"

"மேல போங்கக்கா. அண்ணன்கிட்ட. ஓடுங்க!"

கதவு சாத்திக்கொண்டது.

அமுக்கினாள். விட்டாள். முன்கை மரத்தது. கை மாற்றினாள். மாற்றிய ஒரு கணத்தில் மூச்சு விக்கியது. பதறி இரண்டு கையாலும் பிடித்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை.

மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. மேஸ்திரியக்கா அழுதுகொண்டிருந்தாள்.

"நான் அண்ணன் போன்லதான் பேசறேன்மா. உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சு. டாக்டர் முகத்தை மூடிட்டாரு. நீ மேல வந்துடு, கண்ணு."

தொடர்பு அறுந்தது. ஒலிபெருக்கி ஓய்ந்தது.

மூச்சு ஓயவில்லை.

அது மேலே இருந்த ஒலிபெருக்கியிலிருந்து வரவில்லை. ஒருபோதும் மேலிருந்து வந்திருக்கவில்லை.

அவள் கை நின்றது.

முட்டை போன்ற அந்த வழவழப்பில், வாய் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு குழி விழுந்தது. உள்ளேயிருந்து யாரோ பிளாஸ்டிக்கை உதட்டோடு சேர்த்து உறிஞ்சியதுபோல. குழி ஆழமானது. துடித்தது.

"நிறுத்திடாத, சுண்டெலி."

அவள் அமுக்கினாள்.