லாங்ட்ரி என்று எழுதிய அட்டை

குட்டிகள் எட்டும் ஒரே மாதிரி இருந்தன. அதுதான் தப்பு.

இடாலியா கைவிளக்கை இன்னும் தாழ்த்திப் பார்த்தாள். சாம்பல்பட்டைப் பாம்பு என்றால் ஒரே ஈட்டு முட்டையிலேயே ஒன்று மெலிந்த கறுப்புக் கோட்டோடு வரும், இன்னொன்று முதுகு நிறைய ஆரஞ்சைப் பூசிக்கொண்டு வரும். கூடப் பிறந்தவை என்று சத்தியம் செய்தாலும் வெளியாள் நம்பமாட்டான். இங்கேயோ, முட்டை ஈரம் காயாமல் டப்பாவுக்குள் சுருண்டு கிடந்த எட்டும் ஒரே அச்சில் வார்த்தவை. இளஞ்சிவப்பு ஓடிய சாம்பல். அகலமான செங்கல் நிறப் பட்டை. ஓரத்தில் வெள்ளை. ஒன்பதாவது முட்டை மட்டும் கீறாமல் கிடந்தது.

ஜன்னலில் கறுப்பு அட்டை ஒட்டிய அறை. வெளியே ஆகஸ்ட் மதியம். டெக்ஸஸ் வெயில் தகரக் கூரையை முறுக்கி முறுக்கி, டொக்கென்று விட்டது. உள்ளே அடுக்கடுக்காகப் பாம்பு டப்பாக்கள், அவற்றின் அடியில் மின்சாரச் சூட்டுப் பட்டையின் ரீங்காரம், மரத்தூளும் எலி மூத்திரமும் கலந்த வாடை. வருஷக்கணக்காக அவள் சுவாசிக்கிற வாடைதான்.

இந்தப் பக்கத்தில் பாம்பை ஊர் சொல்லித்தான் வளர்ப்பார்கள். எந்தச் சாலை, சாலைக்காக வெட்டிய எந்த மலைவெட்டு, எந்தத் தேதி என்று டப்பாவுக்கு ஓர் அட்டை. பெண்டாட்டியிடம் பொய் சொல்வார்கள், வரிக்காரனிடம் சொல்வார்கள், அட்டையில் சொல்லமாட்டார்கள். வேறு வேறு ஊர்ப் பாம்பைக் கலந்தவன் என்று பெயரெடுத்தவனுக்கு அப்புறம் ஒருத்தனும் ஜோடிப் பாம்பு தரமாட்டான்.

தாய்ப்பாம்பு, லாங்ட்ரியில் அவளே பிடித்தது. தகப்பன் பாம்பின் அட்டையில், அதைப் பிடித்துக் கொடுத்த ராய்ஸின் சாய்ந்த எழுத்து: லாங்ட்ரி, ஜூன் ஒன்பது.

போன வருஷம் அவள் அண்ணன் எலியாசர் காணாமல் போன இரவு அது. இடது கண்ணில் காப்பித் துளி தெறித்ததுபோல் ஒரு கறையோடு பிறந்தவன். ரெடோண்டோ பள்ளத்தாக்கின் மலைவெட்டில் அவன் டிரக் நின்றது. கதவு திறந்திருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஆள் இல்லை. எப்போதும் அவன் கூடவே பாம்பு வேட்டைக்குப் போகிற ராய்ஸ், தான் அன்றிரவு எண்பது மைல் தள்ளி லாங்ட்ரியில் இருந்ததாகச் சொன்னார். பாம்பைக் காட்டினார். அட்டையைக் காட்டினார். ஊரே தலையாட்டியது. மோட்டலில் கக்கூஸ் கழுவி இரண்டு பிள்ளைகளை ஆளாக்கிய அம்மாவும் தலையாட்டினாள். துக்க வீட்டுக்குப் பூ கொண்டுவருவதுபோல் அந்தப் பாம்பை இடாலியாவிடமே கொடுத்தார் ராய்ஸ். அவள் நன்றி வேறு சொன்னாள்.

தகப்பன் மெலிந்த கோட்டுக்காரன். அவனை எந்த ஊர்க்காரன் என்றும் சாதிக்கலாம். குட்டிகளை வைத்துச் சாதிக்க முடியாது. இந்த இளஞ்சிவப்புச் சாம்பலை அவள் ஒரே ஓர் இடத்துப் பாம்பில்தான் பார்த்திருக்கிறாள். ரெடோண்டோ. எலியாசர் பிடித்து வந்தவை.

இருந்தாலும் நாலு குட்டியாவது தாயைப் போல இருக்க வேண்டாமா? ஒன்றுகூட இல்லை. கல்லூரியில் படித்த மரபியல் அந்த இடத்தில் வழிவிட்டு ஒதுங்கியது.

கதவு கிரீச்சிட்டது. புகையிலை வாடை முதலில் வந்தது, பூட்ஸ் பின்னால் வந்தது.

"என்ன காலேஜ்காரி, பிரசவம் ஆச்சா?"

"இல்ல ராய்ஸ். இன்னும் நாளாகும்." டப்பாவை உள்ளே தள்ளினாள்.

"மூஞ்சியே சொல்லுதே. சொத்து ஒளிக்கிறவ மாதிரி ஒளிக்கிறே. காட்டு பொண்ணே."

அவரே இழுத்தார். வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு உதட்டில் மட்டும் மிச்சமிருந்தது.

"நல்லா வந்திருக்கு. லாங்ட்ரின்னா லாங்ட்ரிதான்."

"லாங்ட்ரில இந்தக் கலர் கிடையாது."

"அட்டைல என்ன எழுதியிருக்கோ அதுதான் ஊரு. அவ்வளவு செலவு பண்ணிப் படிச்சியே, இதைச் சொல்லித் தரலையா?"

"அப்பன் பொய் சொன்னாலும் குட்டி சொல்லாதுன்னு சொல்லித் தந்தாங்க. அன்னைக்கு ராத்திரி நீ எங்கே இருந்தே?"

'நீ' தானாகவே வந்து விழுந்தது. ராய்ஸ் கதவை நோக்கித் திரும்பினார். போகிறார் என்று நினைத்தாள்.

தாழ்ப்பாள் விழுந்தது. அவர் இந்தப் பக்கம் இருந்தார்.

"கேக்காம இருந்திருக்கலாம்," என்றார்.

சூட்டுப் பட்டையின் ரீங்காரம் நின்றது. அறை விளக்கும் போயிற்று. அவள் கைவிளக்கு மட்டும்.

கூரை டொக்கென்றது. அப்புறம் அதுவும் இல்லை.

டப்பாவில் எட்டுத் தலைகள் எழுந்தன. அவளைப் பார்க்கவில்லை. ராய்ஸைப் பார்த்தன. வெள்ளி நிறக் கண்கள். பெரிய கண்கள். இடது கண் ஒவ்வொன்றிலும் ஒரு பழுப்புக் கறை.

காப்பித் துளி.

"அதை மூடு." ராய்ஸின் குரல் உடைந்தது. "இடாலியா. மூடுன்னு சொல்றேன்ல."

அவள் மூடவில்லை. கை வரவில்லை.

அவர் பின்வாங்கினார். கதவு முதுகில் இடித்தது. தாழ்ப்பாளைத் தடவினார். விரல் வழுக்கியது. மறுபடியும். மறுபடியும்.

ஒன்பதாவது முட்டை அசைந்தது. தோலில் ஒரு கீறல். கீறல் அகன்றது. உள்ளே ஒரு கண். இடது கண். கறையோடு.

பாம்புக்கு இமை கிடையாது.

அந்தக் கண் மெதுவாக மூடியது. திறந்தது.