காற்று இறங்கும் வண்டி

மாலையில் வேலை முடிந்து வந்து கேட்டைத் தள்ளியபோதே அவள் பார்த்துவிட்டாள். கார் ஷெட்டில் வண்டி உயரமாக நின்றுகொண்டிருந்தது. காலையில் அவள் புறப்படும்போது சக்கரங்கள் பாதி மறையப் படுத்துக்கிடந்த வண்டி, இப்போது படுத்த மாடு காலூன்றி எழுந்ததைப் போல, அடியில் ஓர் ஆள் தாராளமாகப் புகுந்து படுக்கலாம் என்கிற உயரத்துக்கு எழும்பியிருந்தது. அது அப்படி எழும்ப வழியே இல்லை. பேட்டரியைக் கழற்றிச் சமையலறை மூலையில் வைத்து வாரக்கணக்கில் ஆகிறது.

ஒரு காலத்தில் பெரும் பணக்காரர்கள் காடு மலை சுற்றுவதற்கென்று வாங்கிய வண்டி அது. தோல் இருக்கைகள், முகப்பில் வழுவழுவென்று மரப்பலகை, கதவைச் சாத்தினால் பெட்டகம் மூடுவது போன்ற சத்தம். மூன்று கை மாறி, கடைசியில் சீண்ட ஆளில்லாமல் கிடந்ததை அவள் கணவர் ஆசைப்பட்டு வாங்கி வந்தார். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறவருக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்காத ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் முழு நாளும் அதன் அடியில்தான் கிடப்பார். அவள் அதற்குச் சக்களத்தி என்றே பெயர் வைத்துவிட்டாள். "என் சக்களத்தி இன்னைக்கு எப்படி இருக்கா?" என்று கேட்டால், "கொஞ்சம் மூச்சு வாங்குறா, வேற ஒண்ணும் இல்ல," என்பார் அடியிலிருந்து.

மூச்சு என்பது வெறும் கேலி இல்லை. மற்ற வண்டிகளில் இரும்புச் சுருள் இருக்கிற இடத்தில் இதற்கு ரப்பர் காற்றுப்பைகள். உள்ளே ஒரு குமிழைத் திருகினால் பேட்டரியில் ஓடும் பம்ப் காற்றை ஏற்றி, வண்டி ஒரு சாண் எழும்பும். வயதாகிவிட்டதால் பைகளில் வெடிப்பு விழுந்து, நிறுத்தி வைத்தால் காற்று கசிந்து ஸ்ஸ் என்று இறங்கிவிடும். அதனால்தான் அடியில் படுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டுகளை முட்டுக் கொடுக்க வேண்டும். அவரும் தவறாமல் கொடுப்பார். அன்றைக்கு மட்டும், ஒரு நட்டை முடுக்குகிற வேலைதானே என்று விட்டுவிட்டார். அப்போது அவள், தான் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் யாருக்கோ டோக்கன் எழுதிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது வண்டி தரையோடு படுத்திருந்தது. கூப்பிட்டிருப்பாரா, எவ்வளவு நேரம் கூப்பிட்டிருப்பார் என்பதைச் சொல்ல அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அந்த வண்டியை அவள் விற்கவில்லை. அவர் செய்தபடியே வாரா வாரம் துடைத்தாள், தோல் இருக்கைகளுக்கு எண்ணெய் தடவினாள். மகனால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"அப்பாவைக் கொன்ன வண்டிம்மா அது. அதைப் போயி குளிப்பாட்டிக்கிட்டு இருக்க."

"அவர் கடைசியா தொட்டதும் அதுதானடா," என்றாள் அவள்.

கடைசியில் மகன்தான் ஆள் பார்த்து விலை பேசி முடித்தான். நாளைக் காலை வந்து கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

அவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் மெக்கானிக்குக்குப் போன் செய்தாள்.

"பேட்டரியே இல்லாத வண்டி எப்படிக்கா எழும்பும்?" என்றான் அவன். "வெயிலுக்குப் பையில இருக்குற காத்து விரிஞ்சிருக்கும்."

"நேத்தும் எழும்புச்சுப்பா. முந்தாநாளும்."

"நாளைக்குப் போயிடுதுல்லக்கா. நீங்க கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருங்க," என்று வைத்துவிட்டான்.

முந்தாநாளும் நேற்றும் அவள் அதைத்தான் செய்தாள். கதவைச் சாத்தித் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் கேட்டது. இருட்டத் தொடங்கும் வேளையில், ஷெட்டின் தகரக்கூரை சூடு ஆறிப் படபடக்கிற சத்தத்துக்கு நடுவில், ஸ்பானரைத் திருப்பித் திருப்பி முடுக்குகிற கிர்ர், கிர்ர். அவர் கையில் எப்போதும் இருக்கிற கிரீஸ் வாடை ஜன்னல் வழியாக வந்து படுக்கையறைத் திரைச்சீலையில் தங்கியது. அப்புறம் காற்று இறங்குகிற சத்தம், அவசரமே இல்லாமல், நீளமாக. அதன் முடிவில் ஒரு மனிதனின் நெஞ்சிலிருந்து மூச்சு முழுவதும் வெளியேறுகிற சத்தம். இரண்டு நாளும் அவர் அங்கே செத்தார், இரண்டு நாளும் அவள் படுக்கையில் கிடந்தாள்.

இன்று விட்டால் நாளை வண்டி இல்லை. எங்கோ யாருடைய ஷெட்டிலோ, தினமும், அவர் அதன் அடியில் தனியாகக் கிடப்பார். அதை நினைத்ததும் அவளுக்குப் பயத்தைவிட அழுகைதான் வந்தது.

கிர்ர். கிர்ர்.

ஷெட்டுக்குள் போய், அலமாரித் தட்டிலிருந்து டார்ச்சையும் இரண்டு ஸ்டாண்டுகளையும் இறக்கினாள். ஒன்று காலில் இடித்தது. திறந்த பக்கத்தில் ஒன்றை நகர்த்தி, வண்டியின் சட்டத்துக்கு நேராக நிறுத்திப் பூட்டினாள். அடுத்த பக்கம் சுவர். வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் கைகூட நுழையாது. அந்தப் பக்கத்து ஸ்டாண்டை அடியில் புகுந்துதான் வைக்க வேண்டும். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் மல்லாந்தாள். தலைக்கு மேலே துருவும் எண்ணெயும் மண்ணுமாகச் சக்களத்தியின் வயிறு. முதுகில் சிமெண்டுத் தரை ஐஸாகக் குளிர்ந்தது. இடுப்பால் உந்தி உந்தி உள்ளே நகர்ந்து, சுவர்ப் பக்கத்தில் இரண்டாவது ஸ்டாண்டை நிறுத்தினாள்.

அப்போது அவள் தோளோடு ஒரு தோள் உரசியது.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. பார்த்தாள். அதே பழைய கட்டம் போட்ட சட்டை. நெற்றியில் கிரீஸ். கண்கள் மேலே எதையோ தேடிக்கொண்டிருந்தன.

"என்னங்க."

"டார்ச்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு," என்றார், அவளைப் பார்க்காமல்.

அழக் கூடாது. முதலில் அவர் வெளியே போக வேண்டும்.

"வேலை முடிஞ்சிடுச்சுங்க. நீங்க வெளிய வாங்க."

"முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சுங்க. எல்லாம் முடிஞ்சிடுச்சு."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. முதுகைத் தேய்த்துக்கொண்டு திறந்த பக்கமாக நகர்ந்தார். தலை வெளியேறியது. தோள். இடுப்பு. கடைசியாகக் கால்கள். வெளியே அவர் எழுந்து நிற்பதை, முட்டியில் கை ஊன்றி உம் என்று முனகுவதை அவள் கேட்டாள். வந்துவிட்டார். அவர் வெளியே வந்துவிட்டார். இத்தனை மாதங்களில் முதல் முறையாக அவள் சிரித்தாள்.

வேலை முடிந்தால் சாமான்களை அதனதன் இடத்தில் வைத்த பிறகுதான் அவர் கை கழுவுவார்.

திறந்த பக்கத்தில் அவருடைய கை குனிந்து வந்தது. ஸ்டாண்டின் கொக்கியைத் தட்டி இறக்கியது. இழுத்தது.

"என்னங்க, நான் உள்ள இருக்கேன்."

இரும்பு தரையில் கரகரத்துக்கொண்டு போனது. அலமாரித் தட்டில் டங் என்று உட்கார்ந்தது. குழாய் திறந்தது. சோப்பு வாசனை.

ஸ்ஸ்.

சுவர்ப் பக்கத்து ஸ்டாண்ட் தாங்கிக்கொண்டது. திறந்த பக்கம் மட்டும் இறங்கியது. அவள் தோளை உந்தினாள். நகரவில்லை. இரும்பு நெஞ்சைத் தொட்டது. முதலில் மெதுவாக. பிறகு அழுத்தமாக.

வீட்டுக்குள் விளக்குகள் எரிந்தன. ஒவ்வோர் அறையாக அவர் குரல் போனது.

"எங்கம்மா இருக்க?"

சந்தோஷமான குரல். சமையலறையில் ஒரு முறை. படுக்கையறையில் ஒரு முறை. அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூச்சு வெளியே போயிற்று. உள்ளே வரவில்லை.

"இன்னும் ஆஸ்பத்திரியில இருந்து வரலை போல," என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வண்டிக்கும் தரைக்கும் நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு வெளிச்சம். அதில் வாசற்படி தெரிந்தது. அவர் வந்து படியில் உட்கார்ந்தார். கழுவிய பாதங்கள், ஈரம் காயாமல்.

மூன்று விரல்.

அந்தப் பாதங்கள் கேட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அவள் வரும் வழியைப் பார்த்து, பொறுமையாக.

இரண்டு விரல்.