ஊமையான பெட்டி

"ஐயா, என் புருஷன் செய்யாத கொலையை இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்குவாருய்யா. அடி அப்படி விழுது."

வந்தவள் கையில் ஒற்றைச் செருப்பு இருந்தது. ஸ்டேஷன் வாசலில் கிடந்த கணவனின் செருப்பு. கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் கடையில் அவன் ஃபிட்டர். முந்தின நாள் மதியம் கடையின் பின்னறையில் முதலாளி மண்டை பிளந்து கிடந்தார். அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக் கதறிக்கொண்டிருந்த ஃபிட்டரை, ரத்தம் சொட்டச் சொட்ட இழுத்துப் போனார்கள். அன்று காலையில்தான் முதலாளியிடம், "நான் வேற கடைக்குப் போறேன்" என்று சண்டை போட்டிருந்தான். போலீசுக்கு அது போதாதா?

"அடிச்ச சுத்தியல் எங்கேன்னு கேட்டு விரலை மிதிக்கிறாங்க. அந்தக் கைதான்யா எங்க சோறு."

கேட்டுக்கொண்டிருந்த துப்பறிவாளரின் பெயர் என்னவோ, எல்லாரும் அழைப்பது நிதானம் என்று. வீடு பற்றி எரிந்தாலும் சட்டையின் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். அவர் மச்சினனுக்குப் பட்டப்பெயர் பட்டாசு, ஆள் நேர்மாறு. "மாமா, கிளம்புங்க!" என்று அதற்குள் படியிறங்கிவிட்டான்.

கடையில் இன்ஸ்பெக்டர் சுத்தியலைத் தேடி அலமாரிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பின்னறைச் சுவரில் ரத்தம் கூரை வரை தெறித்துக் காய்ந்திருந்தது. அடித்தவன் ஒரே அடியோடு நிறுத்தவில்லை. பட்டாசு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

இறந்தவரின் தம்பி கல்லாவில் நின்று கைக்குட்டையால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வாசல்ல நிக்கிற அந்த டாக்சியில பாட்டை அலறவிட்டுட்டு ஃபிட்டரும் டிரைவரும் டீ குடிக்கப் போயிட்டாங்க சார். அந்தச் சத்தத்துல அண்ணன் கத்தினதுகூட எனக்குக் கேக்கல. ஃபிட்டர் வந்து 'ஐயோ'ன்னு கத்தின பிறகுதான் உள்ளே ஓடினேன்."

வாசலில் டாக்சிக்காரர் இன்னொரு பஞ்சாயத்து வைத்திருந்தார். "எழவு வீட்டுல கேக்கக் கூடாதுதான். ஆனா வண்டியில பேஸே இல்லையே, பாட்டோட அந்த 'தும் தும்' அதிர்வே போச்சு! நேத்து ஃபிட்டர் முடிச்சுப் போட்டப்ப ஷட்டர் அதிர்ந்துச்சு. இப்போ கொசு பாடுற மாதிரி இருக்கு."

"யோவ், இங்க ஒரு உசுரு போயிருக்கு. உனக்குப் பேஸ் கேக்குதா?" என்று பட்டாசு சீறினான்.

"இரு மச்சான். எனக்கும் அதுதான் கேக்கணும்," என்றார் நிதானம். "டிரைவர் தம்பி, நல்லா அதிர்ந்த பிறகு என்ன நடந்தது?"

"ரெண்டு பேரும் டீக்கடைக்குப் போனோம். ஃபிட்டர் முன்னால எழுந்து போனாரு. நான் காசைக் கொடுத்துட்டு நடக்குறதுக்குள்ள அலறல் கேட்டுது. ஓடி வந்து பார்த்தா முதலாளி தலை அவரு மடியில."

நிதானம் டாக்சியின் டிக்கியைத் திறந்தார். அகலமான மரப்பெட்டியில் இரண்டு வூஃபர்கள், பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்கள். டார்ச்சிலிருந்து ஒரு பேட்டரியைக் கழற்றி, பெட்டியின் பின்னால் இருந்த இரண்டு முனைகளிலும் வயர் வைத்துத் தொட்டார். ஒரு வூஃபரின் கூம்பு வெளியே துள்ளியது. மற்றது உள்ளே அமுங்கியது.

"பாருங்க. ரெண்டும் ஒண்ணாத் துள்ளினாத்தான் பேஸ். ஒண்ணு தள்ள, ஒண்ணு இழுத்தா, ஒண்ணை ஒண்ணு தின்னுடும். உள்ளே ஒரு வூஃபரோட வயரை யாரோ தலைகீழா மாட்டியிருக்காங்க."

"அவசரத்துல ஃபிட்டர்தான் மாத்தியிருப்பான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவன் முடிச்சப்ப ஷட்டரே அதிர்ந்ததே! அதுக்கப்புறம்தான் பெட்டியைத் திறந்திருக்காங்க. இந்தத் திருகுகளைப் பாருங்க, தலையெல்லாம் சிதைஞ்சிருக்கு. தொழில் தெரிஞ்ச கை இல்ல இது. அதோட எட்டுத் திருகைக் கழற்றி மாட்டணும். டிரைவர் காசு கொடுத்துட்டு வர்ற நேரத்துல அது முடியுமா? அவங்க டீக்கடையில இருந்த நேரம் முழுக்க இங்க இருந்தது ரெண்டே பேர். ஒருத்தர் செத்துட்டார்."

கல்லாவில் தம்பி துடைப்பதை நிறுத்தினான். கைக்குட்டை மேசை மேல் அப்படியே நின்றது.

"பாட்டு அலறினதால அண்ணன் கத்தினது கேக்கலைன்னீங்க. அதே சத்தத்துல ஃபிட்டர் கத்தினது மட்டும் எப்படித் தம்பி கேட்டுச்சு? பாட்டை நிறுத்திட்டுத்தானே பெட்டியைத் திறந்தீங்க? மச்சான், அந்த வூஃபரைக் கழற்று."

பட்டாசு கழற்றினான். உள்ளே திணித்திருந்த பஞ்சுக்கு நடுவே மஞ்சள் துணிச் சுருட்டு ஒன்று. கல்லாவைத் துடைக்கும் துணி. விரித்தால் சுத்தியல், அதில் ஒட்டிக்கொண்டு நரைமுடி.

தம்பி திருப்புளியை எடுத்துக்கொண்டு பாய்ந்தான். நிதானத்தின் கழுத்துக்கு வந்த குத்தைப் பட்டாசு கையை நீட்டி வாங்கினான். முனை உள்ளங்கையில் புகுந்து மறுபக்கம் வந்தது. அலறிக்கொண்டே தலையால் தம்பியின் மூக்கில் மோதினான். எலும்பு நொறுங்கிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது. மூன்று காவலர்கள் ஏறி மிதித்துத்தான் அவனை அடக்க முடிந்தது.

"இத்தனை வருஷமா கல்லாவுல உக்காந்து தேஞ்சேன்!" ரத்தம் துப்பிக்கொண்டு கத்தினான். "ஃபிட்டர் போறேன்னதும் அண்ணன் அவனைக் கூப்பிட்டுக் கடையில பங்கு தரேங்குறான். கூடப்பொறந்தவன் கண்ணுல படலையா? சாவட்டும்!"

ஃபிட்டரை ஸ்டேஷனிலிருந்து கடைக்குக் கொண்டுவந்து விட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு வந்தான். வலது கை விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன. நிதானத்தைக் கும்பிட நினைத்தான், கைகள் சேரவில்லை. அழிச்சாட்டியம் பிடித்த தொழில் புத்தி, பார்வை நேரே திறந்து கிடந்த பெட்டிக்குத்தான் போனது.

"வயர் மாறிக் கிடக்கே," என்றான். குனிந்து பிடித்தான். வயர் நழுவி விழுந்தது. மறுபடி பிடித்தான். மறுபடி விழுந்தது.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "நான் செய்யலைன்னு நேத்தே தெளிவாச் சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே, தம்பி."

மனைவி கணவனின் காலடியில் உட்கார்ந்து, கொண்டுவந்த செருப்பை அவனுக்கு மாட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"விடிய விடியச் சொல்லிக்கிட்டேதான் சார் இருந்தாரு. நீங்கதான் மிதிச்சுக்கிட்டிருந்தீங்க."