‘பழகிவிடும்’ என்ற குவியல்

தேநீர் எடுக்க எழுந்து போனபோது இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு என்று இருந்த எண், திரும்பி வந்து உட்கார்ந்தபோது இரண்டாயிரத்து நூற்றுப் பதின்மூன்றாகியிருந்தது. ஒன்று குறைந்தால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். ஆனால் அது ஏற மட்டுமே தெரிந்த எண். அந்தக் குவியலுக்குள் போன கடிதம் கிணற்றில் போட்ட கல்; வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. வெளியே எடுக்கும் அதிகாரம் நிறுவனத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் உண்டு. அந்த ஒருவன் அப்போது சமையலறையில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தான்.

அலுவலகத்தில் அவனை வடிகட்டி என்றுதான் சொல்வார்கள், முகத்துக்கு நேராகவே. நிறுவனம் புதிய லேப்டாப் வெளியிட்டால், வாங்கியவர்கள் எழுதும் புகழ்ச்சி, புலம்பல், வசவு எல்லாம் முதலில் அவன் கண்ணில்தான் விழும். படித்துக் குவியல் குவியலாகப் பிரிப்பது அவன் வேலை. பாராட்டு ஒன்று, பழுது ஒன்று, வசவு ஒன்று. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த நிறுவனத்தில் இருந்தது. ‘பழகிவிடும்’ என்ற நான்காவது குவியல். அது அவனுடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

இந்த முறை அது மலையாகக் குவிந்ததற்குக் காரணம் தலைமை வடிவமைப்பாளர். காலர் இல்லாத கறுப்புச் சட்டையைத் தவிர வேறெதுவும் அணியாத அந்த மகான், லேப்டாப்பின் மேல் வரிசைப் பொத்தான்களையெல்லாம் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் வழவழவென்று ஒரு கண்ணாடிப் பட்டையைப் பதித்துவிட்டார். விரல் பட்ட இடம் மட்டும் நீள்வட்டமாக ஒளிரும். அமுங்காது, சத்தம் வராது. ‘பொத்தான் என்பது மனிதனின் பதற்றம். நாம் விற்பது அமைதி’ என்று மேடையில் நாற்பது நிமிடம் பேசினார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய எந்த வைத்தியரும் அத்தனை நேரம் பேசியதில்லை.

வாங்கியவர்கள் அமைதியாக இல்லை. தட்டச்சு வேலை செய்யும் ஒரு பெண்மணி, அடுத்தவர் வீட்டில் இருட்டில் சுவிட்ச் தேடுகிற மாதிரி இருக்கிறது என்று எழுதினார். பாட்டின் சத்தத்தைக் கூட்டப்போய் மேலதிகாரியை வீடியோவில் அழைத்துவிட்டதாகவும், அந்த நேரத்தில் தான் சட்டை போட்டிருக்கவில்லை என்றும் ஒருவர் தெரிவித்திருந்தார். எல்லாம் பழகிவிடும். அந்தக் குவியலில் விழுந்த ஒவ்வொருவருக்கும் ஒரே பதில் தானாகப் போய்ச் சேரும்: ‘இரண்டு வாரம் கொடுங்கள். உங்கள் விரல் தானே வழி கண்டுகொள்ளும்.’ அந்த வரியும் அவன் எழுதியதே. அதற்காக ஒரு பரிசுக் கோப்பைகூடக் கொடுத்தார்கள். மனைவி அதில் சலவைக் கிளிப்புகளைப் போட்டு வைத்திருந்தாள்.

ஐந்தாவதாக ஒரு குவியல் உண்டு. சிவப்பு. உயிருக்கு ஆபத்து என்று யாராவது எழுதினால் அது அங்கே போக வேண்டும். ஒரே ஒரு கடிதம் விழுந்தாலும் குடோன் மூன்று நாள் நிற்கும். கைதவறி விழுந்துவிடக்கூடாது என்பதால், போடுகிறவன் கண்ணாடிப் பட்டையில் விரல் வைத்து உறுதிசெய்ய வேண்டும். அன்று விடுமுறை நாள்; வீட்டிலிருந்தே வேலை. மாலை ஆறு மணிக்குப் பட்டியல் தானாக மூடிக்கொள்ளும். சிவப்பு காலியாக இருந்தால் ‘ஆபத்து எதுவும் இல்லை’ என்ற சான்று அவன் பெயரில் மேலே போகும். மறுநாள் காலை இன்னும் நாற்பதாயிரம் லேப்டாப்புகள் குடோனை விட்டுக் கிளம்பும். மணி நாலரை ஆகியிருந்தது.

குவியலிலிருந்து குறைந்த கடிதம், இப்போதுதான் வந்ததுபோல ‘புதியவை’ வரிசையில் உட்கார்ந்திருந்தது. அனுப்பியவரின் முகவரியைப் பார்த்ததும் தேநீர் ஒரு சொட்டு முழங்காலில் சிந்தியது. அவன் அதைத் திறக்கவில்லை. இழுத்துக் குவியலில் போட்டான். பதினான்கு. நிம்மதி.

பக்கத்து அறையில் சலவை இயந்திரம் தன் கனத்த வயிற்றை இப்படியும் அப்படியுமாகப் புரட்டிக்கொண்டிருந்தது, தண்ணீர் குழாய்க்குள் இறங்கும்போது யாரோ தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் வந்தது, மூடிய திரைச்சீலையின் ஓரத்தில் வெயில் ஒரு மஞ்சள் கோடாக மேசைக்கால் வரை வந்து நின்றுவிட்டது, லேப்டாப்பின் சூட்டோடு கிளம்பிய துடைப்பு மருந்தின் நெடிக்கு அடியில் இன்னொரு வாசனை, நாள்முழுக்கப் படுத்தே இருப்பவர்களின் முதுகில் பூசும் பவுடரின் வாசனை, மெல்லியதாக, ஈரமாக, விசிறி சுற்றச் சுற்ற அறை முழுக்கப் பரவியது. அந்த வீட்டில் பவுடர் பூசுகிறவர்கள் யாரும் இல்லை.

எண் பதின்மூன்று ஆயிற்று. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டு. பதினொன்று. இரண்டாயிரத்து நூற்று ஒன்பதில் நின்றது. ‘புதியவை’ வரிசையில் ஐந்து கடிதங்கள். ஐந்தும் ஒரே பெண் எழுதியவை.

இவற்றை நான் சரியாகப் படித்ததில்லை, அவசரத்தில் மேலோட்டமாகப் பார்த்திருப்பேன் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் ஒவ்வொரு கடிதத்தையும் எவ்வளவு நேரம் திறந்து வைத்திருந்தான் என்பதை ஓரத்தில் குறித்து வைக்கிற மாதிரி அந்த மென்பொருளைச் செய்திருந்தார்கள். முதல் கடிதம், நான்கு நிமிடம். ஐந்தாவது கடிதம், பதினோரு நிமிடம்.

அந்தப் பெண்ணின் கணவருக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது, வலதுகையின் ஒரு விரலைத் தவிர. பேச்சும் வராது. பழைய லேப்டாப்பின் மேல் மூலையில் புடைத்து நின்ற பொத்தானில் விரலை வைத்தே படுத்திருப்பார். அமுக்கினால் அவள் போனில் மணி அடிக்கும்; அவள் தம்பி செய்துகொடுத்த ஏற்பாடு. பழையது ஒருநாள் உயிரை விட்டது. அதே நிறுவனம்தானே என்று நம்பிப் புதியதை வாங்கினார்கள். அதிலும் தம்பி மணியை அமைத்துத் தந்தான். ஆனால் ரத்தம் ஓடாத அந்தக் குளிர்ந்த விரலைக் கண்ணாடி விரலாகவே மதிக்கவில்லை. லேப்டாப்பின் அடியில் இருந்த பதினாறு எழுத்து எண்ணைக்கூடப் பொறுப்பாக எழுதியிருந்தாள்.

ஐந்தாவது கடிதத்தின் கடைசி வரிகள் அவனுக்கு மனப்பாடம். ‘நேத்து கூப்பிட்டிருக்கார், எனக்குத் தெரியல. வந்து பாக்கறப்ப கண்ணு ஓரம் தண்ணி காஞ்சு கெடக்கு. எனக்குக் கோவம் இல்ல சார். ஒரே ஒரு பொத்தான். அத மட்டும் குடுத்துடுங்க.’

அந்தக் கடிதம் வந்த அன்று அவன் எழுந்து மேலாளரின் அறைக்குப் போனது உண்மை. அவனைவிடப் பத்து வயது இளையவள், ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை. சார் என்று கூப்பிட்டே ஆளைக் குட்டையாக்கிவிடுவாள்.

“சிவப்புல ஒண்ணு விழுந்தா குடோன் நிக்கும் சார், உங்களுக்குத் தெரியாததா? அவரு விரல் படற மாதிரி ஒரு காலிங் பெல் வாங்கி மாட்டிக்கட்டுமே.”

நல்ல யோசனைதான். அதையாவது அந்தப் பெண்ணுக்கு எழுதியிருக்கலாம். ஆனால் தயார் செய்து வைத்த பதில்களைத் தவிர வேறு எதையும் எழுதக்கூடாது என்பது விதி. அந்த விதியையும் அவன்தான் எழுதியிருந்தான். ஐந்து கடிதத்துக்கும் ஐந்து முறை, இரண்டு வாரம் கொடுங்கள்.

மணி ஐந்து பத்துக்கு ஆறாவது கடிதம் வந்தது. அதே முகவரி. உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. வெறும் வெள்ளை.

முதல் கடிதத்தில் போன் எண் இருந்தது. இரண்டு மாதமாக இருந்தது. அவன் அழைத்தான். தான் யார் என்று சொன்னதும் எதிர்முனையில் ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“லேப்டாப் கம்பெனியா? அதைத்தான் திருப்பி அனுப்பிட்டேனே சார். வயரு, அட்டைப்பெட்டி எல்லாம் சேத்துத்தான் வெச்சேன்.”

இன்று வந்த கடிதத்தைப் பற்றிக் கேட்டான்.

“நான் எழுதலையே. அவர் போயி ஒன்றரை மாசம் ஆச்சு. இனிமே எதுக்கு எழுதணும்?”

அவள் அழவில்லை. யாருக்கோ வழி சொல்வதுபோல் சொன்னாள். அன்றைக்கு அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாளாம். மணி அடித்தால் கேட்க வேண்டுமே என்று போனை நனையாமல் ஸ்டூலின்மேல் வைத்திருந்தாளாம். அடிக்கவே இல்லை. போய்ப் பார்த்தால் சளி அடைத்து எல்லாம் முடிந்திருந்தது. விரல் மட்டும் கண்ணாடியின்மேல் இருந்ததாம். நுனித்தோல் தேய்ந்துபோய் இருந்ததாம்.

“ரெண்டு வாரம்னு எழுதியிருந்தீங்கல்ல சார். அன்னிக்குப் பன்னெண்டாவது நாள்தான்.”

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. மீதி இரண்டு நாளுக்கு அவளே மன்னிப்புக் கேட்பது போலிருந்தது. கைவசம் இருந்த பதில்களில் எதுவும் பொருந்தவில்லை.

“ஒண்ணு கேக்கட்டுமா?” என்றாள். “ஒம்பது நாளா என் போன்ல அந்த மணி அடிக்குது. அவருக்குன்னு வெச்ச மணி. ஓடிப்போய் எடுத்தா யாரும் இல்ல. அந்த மிஷின் இப்ப யார்கிட்ட சார் இருக்கு?”

அவன் இணைப்பைத் துண்டித்தான்.

திரும்பி வந்த லேப்டாப்புகளை நிறுவனம் வீணாக்குவதில்லை. நினைவை அழித்து, மருந்து போட்டுத் துடைத்து, ஊழியர்களுக்கே கொடுத்துவிடும். தலைமை வடிவமைப்பாளர் இதற்கு ‘இரண்டாம் வசந்தம்’ என்று பெயர் சூட்டியிருந்தார். வடிகட்டிக்கு வசந்தம் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தான். பதினாறு எழுத்து. முதல் கடிதத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டான். பதினாறாவது எழுத்து வரை ஒப்பிட வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆனாலும் ஒப்பிட்டான்.

ஐந்து நாற்பது. ஐந்து கடிதங்களையும் இழுத்துச் சிவப்பில் போட்டான். மனச்சாட்சி தள்ளியதா, பயம் தள்ளியதா என்று கேட்டால் பயம்தான். எது தள்ளினால் என்ன, வண்டி நகர்ந்தால் சரி என்றிருந்தது. ‘உறுதிசெய்ய விரலை வைக்கவும்’ என்றது திரை. ஆள்காட்டி விரலைக் கண்ணாடியில் வைத்தான்.

ஒளிரவில்லை.

கால்சட்டையில் துடைத்துவிட்டு வைத்தான். வாயால் ஊதிச் சூடாக்கி வைத்தான். நடுவிரல். கட்டைவிரல். இடதுகையின் ஐந்தும். கண்ணாடி கறுப்பாகவே கிடந்தது, அவனுடைய முகத்தை மட்டும் காட்டிக்கொண்டு. மேலாளரை அழைத்தான். எடுக்கவில்லை. ஒரு நிமிடம் கழித்துச் செய்தி வந்தது: ‘லீவு சார். நாளைக்குப் பேசலாம்.’

விரல்நுனி ஜில்லென்றிருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தான். கன்னத்துக்குக் குளிர் தெரிந்தது. விரலுக்குக் கன்னம் தெரியவில்லை.

ஐந்து ஐம்பத்தைந்து. வெயில்கோடு மேசைக்காலிலிருந்து இறங்கித் தரையில் மங்கியது. பவுடர் வாசனை இப்போது நாக்கில் படிந்தது. வலதுகையை மேசையிலிருந்து எடுக்க நினைத்தான். நினைப்பு மட்டும் எழுந்தது. கை அங்கேயே கிடந்தது, யாரோ மறந்துவிட்டுப் போன பொருள்போல. இடதுகையால் அதைத் தூக்கலாம் என்று திரும்பினான். உடம்பு திரும்பவில்லை.

ஐந்து ஐம்பத்தெட்டு. கண்ணாடியின் வலது மூலை ஒளிர்ந்தது. ஒரு விரல் அகலத்துக்கு. நீள்வட்டம். அவன் விரல் அங்கே இல்லை.

ஒளிர்ந்தது. அணைந்தது. ஒளிர்ந்தது.

எங்கோ ஒரு வீட்டில், ஸ்டூலின்மேல், ஒரு போன் அடித்துக்கொண்டிருக்கும்.

ஆறு மணி. திரை ஒருமுறை சிமிட்டியது. சிவப்பிலிருந்த ஐந்து கடிதங்களும் உறுதி இல்லாமல் சரிந்து, பழைய குவியலுக்கே திரும்பின. ‘ஆபத்து எதுவும் இல்லை.’ கீழே அவன் பெயர். சான்று போய்விட்டது.

நாற்பதாயிரம்.

கத்தினான். வாய் திறக்கவே இல்லை. கால் இல்லை. தோள் இல்லை. கழுத்துக்குக் கீழே நாற்காலி மட்டும் இருந்தது. நாற்காலியின் முடிவில் கை. கையின் முடிவில் ஒரு விரல். அது மட்டும் அசைந்தது.

அடுத்த அறையில் சலவை இயந்திரம் நின்றது. மனைவியின் காலடி வாசல்வரை வந்தது. அவளுக்கு அவன் முதுகு தெரியும், தலை தெரியும், திரை தெரியும். எந்த மாலையிலும் தெரிவதுதான்.

“இன்னும் முடியலையா?” என்றாள். பதிலுக்குக் கொஞ்சம் நின்றாள். “சரி, நீங்க பாருங்க. நான் மாடியில துணி காயப்போட்டுட்டு வந்துடறேன். போன் கையிலதான் இருக்கு, எதுனா வேணும்னா அடிங்க.”

சத்தம் வராமல், அவன் வேலை கெடாமல், கதவை மெதுவாகச் சாத்தினாள்.

விரலை நகர்த்தினான். கண்ணாடிவரை வந்தது. அழுத்தினான். கறுப்பு. அழுத்தினான். கறுப்பு. படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் ஏறி ஏறிக் குறைந்தது. அழுத்தினான்.

மூலையில் ஒளிர்ந்துகொண்டிருந்த நீள்வட்டம் அணைந்தது. சற்றுத் தள்ளி, ஓரமாக, மறுபடி ஒளிர்ந்தது. பேருந்தில் இன்னொருவரும் உட்காரட்டும் என்று நகர்ந்து இடம் விடுகிறவரைப்போல.