மாதிரிக் கயிறு

கயிறு முடிச்சில் அறுந்திருக்கவில்லை. சுவரின் விளிம்பில் உரசிய இடத்திலும் அறுந்திருக்கவில்லை. எதிலும் படாமல் காற்றில் தொங்கிய நடுப்பகுதியில், பழந்துணி கிழிவதுபோலப் பிரிந்திருந்தது.

பெண் காவல் ஆய்வாளர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். உயரமான கட்டடத்தின் வெளிச்சுவரில், வண்ணம் பூசுகிறவரின் தொங்குபலகை இன்னும் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதில் மாட்டிக்கொண்டவரைக் காப்பாற்ற இறங்கிய தீயணைப்பு வீரர் இப்போது தரையில், ஒரு வெள்ளைத் துணிக்கு அடியில் இருந்தார். வண்ணக்காரரைப் பிறகு ஜன்னலை உடைத்து உள்ளே இழுத்துவிட்டார்கள். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"புதுக் கயிறு மேடம்," என்றார் தீயணைப்பு நிலைய அதிகாரி. "போன மாசம்தான் வண்டியில ஏத்தினோம்."

"புதுக் கயிறு ஒரு ஆளைத் தாங்காதா?"

"நாலு ஆளைத் தாங்கணும்."

அது திங்கட்கிழமை மதியம்.

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வாளரும் அவருடைய ஏட்டும் அரசுக் கொள்முதல் அலுவலகத்துக்குப் போனார்கள். தீயணைப்புத் துறைக்குக் கயிறு முதல் காலணி வரை வாங்கித் தருவது அந்த அலுவலகம்தான். அதன் தலைவர் வாசலுக்கே வந்து நின்றார். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவர் என்பதால், ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைக் 'காற்புள்ளி' என்றுதான் சொல்வார்கள் என்று ஏட்டு படியேறும்போதே காதைக் கடித்திருந்தார்.

"நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே காட்டிடறேன்," என்றார் தலைவர். "எந்தப் பொருள் வாங்கினாலும் தேர்வான மாதிரி ஒண்ணைச் சீல் வச்சுப் பூட்டி வைப்போம். பின்னாடி சண்டை வந்தா எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க."

ஸ்டோர்கீப்பர் இடுப்பிலிருந்த சாவியால் மாதிரி அறையைத் திறந்தார். குறுகலான அறை. மேற்குப் பக்கம் திரை இல்லாத பெரிய ஜன்னல். எதிரே தட்டுகளில் தலைக்கவசம், கையுறை, காலணி, தண்ணீர்க் குழாய். எல்லாவற்றிலும் ஒரு அட்டை, அட்டையைக் கட்டிய நூலில் அரக்கு முத்திரை. ஆய்வாளர் தலைக்கவசத்தை எடுத்துத் திருப்பினார். முன்பக்கம் வெளிறிப்போய் ரோஜா நிறம். பின்பக்கம் நல்ல சிவப்பு. வைத்துவிட்டார்.

கயிறு நடுத்தட்டில் இருந்தது. பளிச்சென்ற ஆரஞ்சுச் சுருள். அரக்கு உடையவில்லை. அட்டையில், சோதித்துத் தேர்வு செய்தவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. அது நேற்று இறந்துபோனவருடையது.

"பாவம்," என்றார் தலைவர். "அவரே பார்த்து, அவரே ஒத்துக்கிட்ட கயிறு. நான் என்ன சொல்றது."

ஆய்வாளர் சுருளைத் தூக்கி, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "இது எவ்வளவு காலமா இங்க இருக்கு?"

"ரெண்டு வருஷம். இந்த இடத்தை விட்டு அசைஞ்சதில்ல."

"யாராவது மாத்தி வச்சிருந்தா?"

தலைவர் சிரிக்கவில்லை, ஆனால் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர்போல அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து விரித்தார். "விதிமுறை. அரசிதழ்ல வந்தது. சாவி ஸ்டோர்கீப்பர்கிட்ட. அவர் லீவு போட்டா தீயணைப்பு நிலைய அதிகாரிகிட்ட. அரக்கு முத்திரை சட்டப் பிரிவு அதிகாரிகிட்ட. நான் தலைவர்தான், ஆனா என்கிட்ட ரெண்டுமே கிடையாது. ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்தாதான் மாத்த முடியும். படிச்சுப் பாருங்க."

"சட்டப் பிரிவு அதிகாரி எங்க?"

"அந்தம்மா ரெண்டு மாசம் முன்னாடி தண்ணீர் வாரியத்துக்கு மாறிப் போய்ட்டாங்க. பதிலுக்கு இன்னும் யாரும் வரல."

கயிறுகளைச் சோதித்த தடயவியல் ஆய்வகம் சாயங்காலமே சொல்லிவிட்டது: மாதிரிக் கயிறும் அறுந்த கயிறும் ஒரே சரக்கு. இரண்டும் மட்டம்.

புதன்கிழமை காலைப் பத்திரிகையில் 'வீரர் தேர்வு செய்த கயிறே உயிரைப் பறித்தது' என்று வந்திருந்தது. யார் சொல்லி வந்தது என்று ஆய்வாளருக்குத் தெரியும். பத்திரிகையைச் சுருட்டி மேசை மேல் அடித்தார்.

இறந்தவரின் மனைவி வந்தபோது பேருந்து ஓட்டுநருக்கான சீருடையில் இருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என் புருஷன்மேலயே பழியைப் போட்டுட்டாங்க. பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அந்த மாதிரியை அவர் வண்டியில கட்டி இழுத்துப் பார்த்தார். மணல் மூட்டையைத் தொங்கவிட்டு ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தார். மறுநாள் வீட்டுக்கு வந்து, இந்தக் கயித்துல உன் பஸ்ஸையே தூக்கலாம்டின்னு சொன்னார். அந்தக் கயிறு அறாது மேடம். இது வேற கயிறு."

"எனக்கும் அப்படித்தான் தோணுது."

"தோணினா போதுமா? நான் நாளைக்கு வண்டி எடுக்கணும். ஏறுறவங்க எல்லாம் என் மூஞ்சியைப் பார்ப்பாங்க. பையன் பள்ளிக்கூடம் போக மாட்டேங்கறான். ஏதாவது செய்ங்க."

சொல்லிவிட்டு, விடைபெறாமல் போனார்.

அன்று மதியம் ஆய்வாளர் ஸ்டோர்கீப்பரை வரவழைத்தார். மனிதர் வந்ததிலிருந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சாவி எப்பவும் உங்ககிட்டதானா?"

"எப்பவும் என் இடுப்புலதாம்மா."

"லீவே போட மாட்டீங்களா?"

அவர் கை நின்றது. "போன மாசம் மகளுக்குப் பிரசவம். ஒரு வாரம் போனேன்."

"அப்ப சாவி நிலைய அதிகாரிகிட்ட இருந்துச்சா?"

"இல்லம்மா. புது ஏற்பாடு. லீவுல போனா தலைவர்கிட்ட குடுத்துடணும்னார். குடுத்தேன். எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல. பூட்டைத் திறந்தாலும் முத்திரை சட்டப் பிரிவுல இருக்கே, என்ன செஞ்சிட முடியும்னு நினைச்சேன்."

"இதை நேத்தே ஏன் சொல்லல?"

"அவர் புத்தகத்தைப் பிரிச்சுப் படிக்கும்போது நான் குறுக்க பேச முடியுமாம்மா? எனக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு."

"கயிறு வந்தது எப்போ?"

"நான் லீவுல இருந்த அந்த வாரம்தான்."

ஆய்வாளர் நேராகத் தண்ணீர் வாரியத்துக்குப் போனார். பழைய சட்டப் பிரிவு அதிகாரி சிறிய அறையில், கோப்புகளுக்கு நடுவே மதியச் சாப்பாட்டைத் திறந்து வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் டப்பாவை மூடிவிட்டார்.

"எந்தப் புத்தகத்தைக் காட்டினார்? தடிச்சதா? அந்த அத்தியாயமே இப்ப இல்லையே. போன வருஷம் நான்தான் எடுத்தேன்."

"ஏன் எடுத்தீங்க?"

"அதெல்லாம் ஆபீசுக்குள்ள யார் என்ன செய்யணும்கற விஷயம். விக்கிறவங்களுக்கோ மக்களுக்கோ அதுல ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு வரி மாத்தணும்னாலும் அரசிதழ், ஆட்சேபணை, மறுபடியும் அரசிதழ்னு வருஷம் ஓடிரும். அதனால உள் விஷயத்தை எல்லாம் விதிமுறையில இருந்து எடுத்து ஒரு கையேடா போட்டோம். இப்பவும் அது சரின்னுதான் சொல்வேன். ஒரு வார்த்தை விடாம அப்படியே எழுதி வச்சுட்டுத்தான் வந்தேன்."

"கையேட்டை யார் மாத்தலாம்?"

"கொள்முதல் தலைவர்."

"மாத்தினா யார்கிட்ட சொல்லணும்?"

அவர் மூடிய டப்பாவைத் தள்ளி வைத்தார். "யார்கிட்டயும் சொல்லத் தேவையில்ல," என்றார். "அதை நான் எழுதியிருக்கணும்."

"ஆமா," என்றார் ஆய்வாளர். "முத்திரை?"

"மாறி வரும்போது அவர்தான் வாங்கிக்கிட்டார். புதுசா வர்றவங்ககிட்ட ஒப்படைக்கறேன்னார். சாவி வேற ஆள்கிட்ட இருக்கேன்னு நானும் கவலைப்படல."

திரும்பி வந்து, அலுவலகக் கணினியில் இருந்த கையேட்டை ஆய்வாளரே திறந்து படித்தார். பழைய புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். சாவியைப் பற்றிய வரி மாறியிருந்தது. இன்னொரு வரியும் மாறியிருந்தது. அதை இரண்டு முறை படித்தார். ஏட்டைக் கூப்பிட்டு, கயிறு கொடுத்த கம்பெனியின் கிடங்கைச் சோதனை போட அனுப்பினார்.

வியாழக்கிழமை காலை மாதிரி அறையில் எல்லோரும் நின்றார்கள். தலைவர், ஸ்டோர்கீப்பர், பழைய சட்டப் பிரிவு அதிகாரி. இறந்தவரின் மனைவி கதவோரம் நின்றார். அவரை ஏன் உள்ளே விட்டார்கள் என்று தலைவர் கேட்டார்.

"மாதிரியை மாத்தினது நீங்க," என்றார் ஆய்வாளர், தலைவரைப் பார்த்து.

"சாவியும் முத்திரையும்—"

"சாவியை இவர் லீவுல போகும்போது வாங்கினீங்க. முத்திரையை இவங்க மாறிப் போகும்போது வாங்கினீங்க. ரெண்டு பேரும் மத்தவங்க கையில மீதி பாதி பத்திரமா இருக்குன்னு நம்பினாங்க. ரெண்டு பாதியும் உங்க மேசை டிராயர்ல இருந்துச்சு."

"இதெல்லாம் யூகம். மாதிரி மாறியிருக்குன்னு யார் சொன்னது?"

"வெயில்." ஆய்வாளர் ஜன்னலைக் காட்டினார். "இந்தத் தட்டுல ரெண்டு வருஷமா இருக்கற எல்லாமே ஜன்னல் பக்கம் வெளுத்திருக்கு. தலைக்கவசம், கையுறை, காலணி எல்லாமே. அசையவே இல்லைன்னு நீங்க சொன்ன கயிறு மட்டும் முன்னும் பின்னும் ஒரே நிறம். அட்டை பழசு; கயிறு புதுசு. நூலை வெட்டி, பழைய அட்டையை இதுல கட்டி, புதுசா அரக்கு வச்சிருக்கீங்க."

ஏட்டு ஒரு சாக்கைப் பிரித்தார். உள்ளே ஆரஞ்சுக் கயிற்றுச் சுருள். ஒருபக்கம் வெளிறிப்போய் வெண்மையாக இருந்தது. "கம்பெனிக் கிடங்குல கிடைச்சுதும்மா. கம்பெனி இவரோட மச்சினன் பேர்ல இருக்கு."

"ஆய்வகத்துல இதுல ஒரு துண்டை இழுத்துப் பார்த்தாச்சு," என்றார் ஆய்வாளர். "அறல. அவர் கையெழுத்துப் போட்டது இந்தக் கயித்துக்கு."

கதவோரத்தில் நின்றவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"உங்களை எனக்குக் காட்டிக்குடுத்தது கயிறுகூட இல்ல," என்று தலைவர் பக்கம் திரும்பினார் ஆய்வாளர். "அந்தப் புத்தகம். ஒரு காற்புள்ளி விட்டுப்போனா கோப்பைத் திருப்பி அனுப்பற மனுஷன், செல்லாத விதியை எனக்கு வாசிச்சுக் காட்டினீங்க. கையேட்டை மாத்தினவரே நீங்க. மறந்துபோச்சுன்னு சொல்லாதீங்க."

தலைவர் கைக்குட்டையை எடுத்தார். "சரி. விபத்துக்கு அப்புறம் பதறிப்போய் ஏதோ..."

"விபத்துக்கு அப்புறம் சாவி இவர் இடுப்பை விட்டு இறங்கவே இல்ல. நீங்க மாத்தினது போன மாசம், சரக்கு வந்த வாரம். அப்பவே கயிறு மட்டம்னு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் மாதிரியை மாத்தினீங்க. தெரிஞ்சுதான் வண்டியில ஏத்த விட்டீங்க. அவர் அதுல இறங்கற வரைக்கும் ஒரு மாசம் வாயைத் திறக்கல. இது ஆதாரத்தை மறைச்ச கேஸ் இல்ல. உயிரை எடுத்த கேஸ்."

ஏட்டு தலைவரின் முழங்கையைப் பிடித்தார். படிகளில் அவர் இறங்கும்போது எந்த அறையிலிருந்தும் ஒருவரும் எழுந்து நிற்கவில்லை.

மனைவி ஆய்வாளரின் பக்கத்தில் வந்தார். "கயிறு வந்ததும் சோதிச்சுப் பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே. ஏன் யாரும் பார்க்கல?"

ஆய்வாளர் உண்மையைச் சொன்னார். "வர்ற சரக்கை 'சோதிக்க வேண்டும்'னு இருந்துச்சு. அதை 'சோதிக்கலாம்'னு மாத்திட்டார்."

"ஒரு வார்த்தை."

"ஒரு வார்த்தை."

"அதை மாத்தினதுக்கு என்ன தண்டனை?"

"அதுக்குக் கிடையாது. கையேட்டை மாத்த அவருக்கு அதிகாரம் இருந்துச்சு."

மனைவி விடவில்லை. மறுபடி கேட்டார்: "அப்ப இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு. மீதிக் கயிறெல்லாம் எங்க?"

ஆய்வாளர் உடனே கைப்பேசியை எடுத்தார். தீயணைப்பு நிலைய அதிகாரியின் குரல் தயங்கியது. "வண்டியிலதான் மேடம் இருக்கு. மேலதிகாரிக்குச் சொல்லியிருக்கேன். கொள்முதல்ல இருந்து உத்தரவு வராம இறக்க முடியாது."

"அந்தக் கொள்முதலை இப்பத்தான் ஜீப்புல ஏத்தினேன். அங்கயே இருங்க."

நிலையத்தில் சிவப்பு வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் அதே ஆரஞ்சுச் சுருள்கள். நிலைய அதிகாரி கையைப் பிசைந்தார். "மேடம், எந்த விதிப்படி எடுத்தேன்னு நான் எழுதறது?"

"கொலை வழக்கு. இந்தச் சரக்கு மொத்தமும் சாட்சிப் பொருள். போலீஸ் கைப்பற்றினதுன்னு எழுதுங்க."

அவர் ஒரு கணம்தான் நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, முதல் வண்டியின் கொக்கியை அவரே கழற்றினார். வீரர்கள் ஓடி வந்தார்கள். ஆய்வாளரோடு வந்திருந்த இறந்தவரின் மனைவி கடைசி வண்டியின் படியில் ஏறி, மாட்டியிருந்த சுருளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. ஒரு வீரர் உதவ நெருங்கினார். "விடு தம்பி," என்று சொல்லிவிட்டு, காலை ஊன்றி மறுபடி இழுத்தார். சுருள் அவிழ்ந்து தரையில் விழுந்தது. கீழே இறங்கி, அதை எட்டி உதைத்துவிட்டு பக்கத்து வண்டிக்குப் போனார்.