சுக்கானுக்கு அடுத்த ஆள்

சுக்கான் சக்கரத்தின் ஒரு பிடி சூடாக இருந்தது. தவராசா துடைக்கும் துணியை விலக்கி வெறுங்கையால் தொட்டுப் பார்த்தார். டிசம்பர் காற்றில் கப்பலின் இரும்பெல்லாம் விரலைக் கடிக்க, அந்தப் பிடி மட்டும் யாரோ இப்போதுதான் கையெடுத்தது போல வெதுவெதுப்பாக, சற்று ஈரமாகவும் இருந்தது. லண்டன் குளிரில் சூடாக எது கிடைத்தாலும் சந்தோஷப்பட வேண்டும். அவருக்கு ஏனோ பிடிக்கவில்லை.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. ஒருகாலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து பாய் விரித்துக் கோதுமை கொண்டுவந்த இந்த உருக்குக் கப்பல், இப்போது தேம்ஸ் கரையில் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடம். தவராசா அதைத் துடைப்பார், பூட்டுவார், ஆள் குறைந்தால் விளக்கமும் சொல்வார். கரையிலுள்ள டிக்கெட் அறையில் பத்து வயது மகள் ஜதுர்ஷிகா காத்திருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு மோர்டனுக்கு ரயில் ஏற வேண்டும். போன் எடுத்தார்.

"பத்து நிமிசத்தில வாறன், குஞ்சு."

"ஓம் அப்பா. கெதியா வாங்கோ."

விளக்கத்தில், கப்பல் பார்க்க வரும் பிள்ளைகளுக்குப் பிடித்தது சுக்கானில் ஆள் மாறும் முறைதான். பிடித்திருப்பவன் கப்பல் போகும் திசையைச் சொல்வான். மாற்ற வந்தவன் அதையே திருப்பிச் சொல்வான். சொன்ன நொடியிலிருந்து சுக்கான் அவன் பொறுப்பு; இன்னொருவன் வந்து சொல்லும்வரை, கடலே ஏறி வந்தாலும் கையெடுக்கக் கூடாது. வீட்டிலும் அந்த விளையாட்டு உண்டு. அவர் சோற்றுத்தட்டை நீட்டி "சவுத் வெஸ்ட்" என்பார். ஜதுர்ஷிகா திருப்பிச் சொன்னால்தான் தட்டு அவள் கைக்குப் போகும்.

தார் வாசம் எழுந்தது. மேலே, பாயில்லாத பாய்மரங்களில் பாய்கள் படபடவென்று அடித்தன. கட்டிக்கிடந்த கப்பல் ஒரு பக்கம் சரிந்து, மெல்ல நிமிர்ந்தது. அவர் இறங்கிப் போய்விடத் திரும்பினார்.

"சவுத் வெஸ்ட்." காதருகே ஒரு குரல். மிகவும் களைத்த குரல்.

"சவுத் வெஸ்ட்," என்றார் தவராசா. யோசிக்கவே இல்லை. பழக்கம்.

யாரோ நீளமாகப் பெருமூச்சு விட்டார்கள். ஈரக் கால்கள் தளத்தில் நடந்து போயின.

துணி கீழே கிடந்தது. அவருடைய இரண்டு கையும் சக்கரத்தில். இழுத்தார். விரல் விரியவில்லை. மறுபடி இழுத்தார். தோல் உரிந்தது. விடவில்லை. அசையாதபடி பூட்டிய சக்கரம் அவரை இழுத்தது. முதுகில் தண்ணீர் அறைந்தது. சட்டைப்பையில் போன் அடித்தது. ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

பிறகு, கரைப்பலகையில் சின்னச் சப்பாத்துச் சத்தம்.

"அப்பா, எங்க நிக்கிறீங்கள்? ரயில் போகப்போகுது."

வராதை பிள்ளை, ஓடு என்று கத்த வாயைத் திறந்தார். உப்புத் தண்ணீர்தான் வந்தது. பல்லை இறுக்கிக்கொண்டார். தன்னைப் பற்றிய பயம் போய்விட்டது. இப்போது எல்லாப் பயமும் அவளைப் பற்றித்தான். அவள் அருகில் வந்து, நனைந்த அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். தாடை தானாகத் திறந்தது.

"சவுத் வெஸ்ட்," என்றது அவருடைய வாய்.

ஜதுர்ஷிகா சிரித்தாள். தட்டு வாங்க நீட்டுவது போலவே இரண்டு கையையும் நீட்டினாள்.