கழுவாத நைற்றி

கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய நைற்றியின் நெஞ்சுப் பக்கம் ஈரமாக இருந்தது.

குலசிங்கம் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஒழுக்கு இல்லை. ஈரத்தைத் தொட்ட விரலை மோந்தார். பிள்ளை வாய்நீர் மணம். பாயில் கவிழ்ந்து கிடந்து தூங்கும் பேத்தி அனுஷியாவுக்கு அந்த ஆணி எட்டாது. பலகையைப் போட்டு ஏறி நின்றாலும் எட்டாது.

நேற்று அவர் அதை உடுக்கவில்லை. அதுதான் அவரைப் பிடித்து உலுக்கியது.

அது அவர் மகள் நிவேதிகாவின் நைற்றி. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகும்போது கழுவாமல் விட்டுப் போனாள். வெளிநாடு போகிற தாய்மார் இந்தப் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். வேர்வை மணம் பக்கத்தில் கிடந்தால் பிள்ளை தேடாதாம். அழுகிற பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனால் பயணம் சரிவராது என்று, தூங்கின பிறகு களவாக வெளிக்கிட்டாள். சொல்லாமல் போ என்றது குலசிங்கம்தான். மனைவி செத்து, மருமகன் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போன வீடு. அவரும் பேத்தியும் மட்டும்.

பிள்ளை எழும்பித் தாயைத் தேடியது. கட்டிலுக்குக் கீழே தேடியது. குசினியில் அரிசி வாளியைத் திறந்து அதற்குள்ளும் தேடியது. தொண்டை அடைக்கும்வரை கத்தியது. ஒரு நாள் பொழுதுபட, வேறு வழி தெரியாமல், துறைமுகத்தில் மூட்டை சுமந்து காய்ப்பேறின உடம்பில் மகளுடைய நைற்றியை மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பாயில் சரிந்தார். வாய் திறக்கவில்லை, குரல் காட்டிக்கொடுத்துவிடும். மூக்கால் மட்டும் முனகினார். பிள்ளை இருட்டில் தவழ்ந்து வந்து, நெஞ்சில் முகத்தைப் புதைத்து, துணியைச் சப்பிக்கொண்டே தூங்கிப்போனது.

பிறகு அது தினப்பாடாகிவிட்டது. யன்னலுக்குச் சாக்குக் கட்டினார். ஊருக்குள் திரியும் மான் வேலியில் உரசினாலும் முனகலை நிறுத்திக் காது கொடுத்தார். அறுபது தாண்டின ஆம்பிளை. ஆராவது கண்டால் உள்துறைமுகத்தில் விழுந்து சாகத்தான் வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பத்மாசனி வேலிக்கு மேலால் ஒரு நாள் கேட்டும் விட்டாள். "என்ன சிங்கண்ணை, பொழுதுபட்டா யன்னல் கதவெல்லாம் சாத்துறியள்? உள்ளுக்க ஆரையும் வச்சிருக்கிறியளோ?"

"உன்ர அடுப்பைப் பார், போ."

அவள் சிரித்துக்கொண்டு போனாள். இவருக்குக் காது வரை எரிந்தது.

பிள்ளையை நிறுக்க வரும் மருத்துவிச்சி மிஸ்ஸுக்கும் ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும். "தாய் வேற, தான் வேற எண்டு பிள்ளை பிரிஞ்சு பழகுற வயசு, ஐயா. அம்மா போனவ, திரும்பி வருவா எண்டு சொல்லுங்கோ. அழட்டும். மடியில வச்சுக்கொண்டு அழ விடுங்கோ. ஏமாத்த மட்டும் வேண்டாம்."

"ஓம் மிஸ்" என்றார். படித்த ஆட்களுக்குச் சொல்ல லேசு. விடியுமட்டும் கத்துகிற பிள்ளையை அவவா தூக்கிக்கொண்டு திரியப் போறா?

போன கிழமை நிவேதிகா போனில் முகம் காட்டினாள். "அனு, இஞ்ச பாரடி, அம்மா."

பிள்ளை போனைத் தள்ளிவிட்டது. ஆணிப் பக்கம் கையைக் காட்டியது. "அம்மா அங்க."

"என்னப்பா சொல்லுறாள்?"

"விளையாடுறாள் பிள்ளை."

"வெள்ளிக்கிழமை ஒரேயடியா வாறன் அப்பா. அவள் என்னட்ட வராட்டில், நான் ஆருக்கு உழைச்சனான்?"

அந்தக் கேள்வி முள்ளாகக் குத்தியது. அதனால்தான் நேற்று நைற்றியைத் தொடாமல் முற்றத்திலேயே இருந்தார். பிள்ளை அழும் என்று காத்திருந்தார். அழவில்லை. உள்ளே முனகல் கேட்டது. பிள்ளை தானே முனகித் தூங்குது என்று நினைத்துச் சந்தோசப்பட்டார்.

இன்று வெள்ளிக்கிழமை.

நைற்றியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சவுக்காரம் போட்டுக் கல்லில் அடித்தார். வாடைக்காற்று கருவாட்டு வாடையையும் கப்பல் எண்ணெய் வாடையையும் அள்ளி வந்து முகத்தில் அப்பியது. அதற்குள்ளாலும், சவுக்கார நுரைக்குள்ளாலும், தேங்காயெண்ணெயும் வேர்வையும் புளித்த பாலும் கலந்த மணம் கிளம்பிக்கொண்டே இருந்தது. மறுபடியும் அடித்தார். மறுபடியும் மோந்தார். மாதக்கணக்காக உடுத்தவர் அவர். பீடி மணம் எங்கே? அவருடைய வேர்வை எங்கே? மருந்துக்கும் இல்லை. அவர் அதற்குள் ஒரு நாளும் இருக்காதது போல.

பிழிந்து அலுமாரிக்குள் எறிந்து பூட்டினார். திறப்பை இடுப்பில் செருகினார்.

பின்னேரம் மழை பிடித்தது. கறண்ட் போனது. அனுஷியா அறைக்குள் தனியே கதைத்துக்கொண்டிருந்தது. ஏதோ கேட்கும். நிறுத்தும். பதில் கேட்டதுபோல் சிரிக்கும். குலசிங்கம் விறாந்தைக் கதிரையை விட்டு எழும்பவில்லை. எழும்பிப் பார்க்க வேண்டும். எழும்ப ஏலவில்லை.

ஓட்டோ வந்து நின்றது. நிவேதிகா நனைந்தபடி ஓடி வந்தாள். மெலிந்திருந்தாள். "எங்கயப்பா அவள்?"

அவர் அவளுடைய பையை வாங்கினார். "பொறு பிள்ளை. நான் முதல்ல…"

அவள் பொறுக்கவில்லை. அறைக் கதவைத் தள்ளினாள். அப்படியே நின்றாள்.

உள்ளே தட்டுகிற சத்தம். மெதுவாக. பிள்ளையை உறங்கப்பண்ணும் தட்டு.

"அப்பா… ஆரது?"

அவள் தோளுக்கு மேலால் பார்த்தார். பாயில் நைற்றி ஒருக்களித்துக் கிடந்தது. நிரம்பி. அதன் நெஞ்சுக்குள் பிள்ளை முகம் புதைத்திருந்தது. கை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி மட்டும். துணி எழும்பி எழும்பிப் பிள்ளையின் முதுகில் விழுந்தது.

நான்தான் பிள்ளை, நான்தான் இவ்வளவு நாளும் உன்ர சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்தனான் என்று சொல்ல அவர் வாய் துடித்தது. சந்தையில் நின்று கத்தச் சொன்னாலும் கத்துவார். வெட்கமாவது ஒன்றாவது. ஆனால் அவர் இங்கே நிற்கிறார். மகளுக்குப் பின்னால். பையோடு.

பிள்ளை கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தது. நிவேதிகாவைக் கண்டது. பிடித்துக்கொண்டு போக வந்தவளைக் கண்டதுபோல் வீரிட்டு அலறி, துணிக்குள் இன்னும் ஆழமாகப் புகுந்தது.

தட்டு நின்றது.

"சத்தம் போடாதைங்கோ." நிவேதிகாவின் குரல். "பிள்ளை இப்பத்தான் கண்ணயர்ந்தவள்."

நிவேதிகா மெல்லக் கையைத் தூக்கித் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

வாய் மூடியிருந்தது.